யார் கண்ணுக்கு?

முடியின் நிறத்தை மாற்றும் எடுப்பகத்தில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றியதும் வருகிற முதல் கேள்வி, "யார் கண்ணுக்குங்க?" என்பதுதான்.

சங்கவிக்கு அது தெரியும். திருப்பூரில் தெருவுக்கு ஓர் எடுப்பகம் முளைத்து ஆறு வருடமாகிறது. பதிலை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் கேள்வி வந்தபோது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். வலப்பக்க நாற்காலியில் இருந்த கல்யாணப் பெண் "மாமியார் கண்ணுக்கு" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி. இடப்பக்கம் இருந்தவர் வார்டு தேர்தலில் நிற்கப்போகிறவர். "பதினேழாவது வார்டு மொத்தத்துக்கும் போடுங்க. கிழக்குத் தெருவ மட்டும் விட்டுருங்க, அவிய எப்படியும் நமக்குப் போடமாட்டாங்க" என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் கண்ணுக்கு" என்றாள் சங்கவி.

எடுப்பகத்துப் பெண் ரெஜினா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "கல்யாணமாகி எத்தன வருசமுங்க்கா?"

"இருபத்தாறு."

"பரவாயில்லீங்க்கா. இத்தன வருசத்துக்கு அப்புறம் யாரும் அந்தப் பேரச் சொல்றதில்ல. ஆபீஸ்ம்பாங்க, இல்லீன்னா ஊர்முகம்னு பொதுவாப் போட்டுட்டுப் போயிருவாங்க." சிரித்துக்கொண்டே ஒரு தோட்டை எடுத்துச் சங்கவியின் காதில் மாட்டினாள். "ஒண்ணே ஒண்ணுதான். அவரு உங்களப் பார்க்கோணும். பார்க்காத முகத்த இது படிக்காதுங்க."

"பார்ப்பாரு" என்றாள் சங்கவி. அது பொய்.

விஷயம் ரொம்பச் சிக்கலானதில்லை. தலைத்தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நிறவித்துகளைத் தூவிவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு முடிக்கு வேரிலிருந்து நுனிவரை நிறத்தை ஏற்றும், இறக்கும். என்ன நிறம் என்பதைத் தோட்டில் இருக்கிற முகவுணரி சொல்லும். அது எதிரே இருப்பவர் முகத்தைப் படிக்கிறது. கண் விரிந்ததா, கன்னத்தில் ரத்தம் ஏறியதா, உதட்டோரம் இளகியதா? மலர்ந்தால் அந்த நிறத்தையே பிடித்துக்கொள்ளும். வாடினால் மறுநாள் ரவையளவு வேறு பக்கம் நகர்ந்து பார்க்கும். முகம் மலர்ந்த கணத்தில் தோடு லேசாகத் துடிக்கும். யாரோ நம்மைப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா, அதற்கு.

உங்களுக்கு எது எடுப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும், பார்க்கிறவர்களுக்குத்தானே தெரியும் என்று விளம்பரத்தில் கேட்டார்கள். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. கறுப்பா, பழுப்பா, வயதுக்குப் பொருந்துமா, மாநிறத்துக்கு ஒத்துவருமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் தொல்லை ஒழிந்தது. கடைகளில் பாக்கெட் சாயம் விற்பது அநேகமாக நின்றுபோனது. தனக்குப் பிடித்த நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்துப் பூசிக்கொள்கிற ஆளை, செருப்பில்லாமல் கடைவீதிக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல ஜனங்கள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சங்கவியின் மகள் மிருதுளா, வீட்டில் மிது, அப்படிப்பட்ட ஓர் ஆள்.

மிருதுளாவின் அப்பா பூபதிராஜன் சாயப்பட்டறை லேபில் முப்பது வருடமாக நிறம் பார்க்கிறவர். வெளிநாட்டு வியாபாரி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித் துணுக்கை அனுப்புவான். பட்டறையில் ஓடுகிற துணி அதோடு சேருகிறதா என்று சொல்வது அவர் வேலை. நிறத்தை அளக்கும் நிறமானிகள் வந்து எத்தனையோ காலமாகியும் கடைசி வார்த்தை அவர் கண்ணுடையதுதான். "சேரும்" என்றால் துணி கப்பலேறும். "சேராது" என்றால் மறுபடி சாயத்தொட்டிக்குள் போகும். இந்த இரண்டு சொற்களை அவர் சொல்லும் விதத்தில் ஏற்ற இறக்கமே இருக்காது.

வீட்டில் சோறு உண்ணும்போதும் தொழில் பேச்சுதான். "நேத்து ஓட்டின லாட்டப் பார்த்து இன்னிக்கு லாட்ட ஓட்டக்கூடாது அம்மணி. புதுசா வர்றவிய பூராப் பேரும் பண்ற தப்பு அதுதான். நேத்து ரவையூண்டு செவப்பு ஏறியிருக்கும். இன்னிக்கு அதுக்கு மேல ரவையூண்டு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பத்து நாள் கழிச்சுப் பார்த்தா நீலம் கேட்டவனுக்கு ஊதா போகும். எப்பவும் மூலத்த எடுத்து வெச்சுப் பார்க்கோணும்." லாட் என்பது ஒரே தடவையில் சாயம் ஏற்றுகிற துணி; மூலம் என்பது வியாபாரி முதலில் அனுப்பிய துணுக்கு. அதைக் கறுப்புக் காகித உறையில் போட்டு, வெளிச்சம் படாத இழுப்பறையில் வைத்திருப்பார்கள். சங்கவிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

நிறவித்து என்றாலே மிருதுளாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எவனோ பார்க்கறதுக்கு என் தல எதுக்கும்மா மாறோணும்? எனக்குப் புடிச்சத நான் போட்டுக்கறேன்." பத்தொன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய காலத்துப் பாக்கெட் சாயத்தைக் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டாள். ஊரெல்லாம் தேடி அந்தப் பாக்கெட்டை வாங்கிவந்து கொடுத்தவள் சங்கவி. தலையைத் துவட்டிக்கொண்டு மகள் கூடத்துக்கு வந்தபோது பூபதிராஜன் குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"சேராது" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மிருதுளா சிரிக்கவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். "கோவிச்சுக்காத கண்ணு. ஒரு கொத்து வெட்டிக் குடு. லேப்ல வெச்சு நல்லதா ஒண்ணு கலந்து தர்றேன்." அவள் ஒரு கொத்தை வெட்டி உறையில் போட்டு அவர் கையில் திணித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். அன்று காலை பேருந்து நிறுத்தம்வரை சங்கவியும் உடன் போனாள். வெயிலில் மகளின் தலை ஒரு பக்கம் மின்னியது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். மூன்றே நாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு பூபதிராஜன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். திட்டவில்லை, குறை சொல்லவில்லை. தட்டைப் பார்த்துப் பேசினார், சுவரைப் பார்த்துப் பேசினார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வர்றேன்" என்று தரைக்குச் சொன்னார். சங்கவிக்கு மகளின் அதே நெற்றி, அதே புருவம். அதனால்தான் பார்க்க முடியவில்லையோ, பாக்கெட் வாங்கிக் கொடுத்ததை நினைத்தாரோ, அவருக்கே தெரியாது. நான்கு வருடம் ஒரு வீட்டுக்குள் யாரும் பார்க்காமல் நடமாடினால் மனுஷி இருக்கிறாளா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். சங்கவிக்கு வந்தது. அன்பாகப் பேச வேண்டும் என்றுகூட அவள் ஆசைப்படவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

அதற்காகத்தான் ஐம்பது வயதில் எடுப்பகம் போனாள்.

ரெஜினா சொன்னதுபோலவே ஆனது. பார்க்காத முகத்தைத் தோடு எப்படிப் படிக்கும்? அது தன் போக்கில் தேடத் தொடங்கியது. முதல் மாதம் காப்பிக்கொட்டை நிறம். அதற்கப்புறம் நாவல்பழச் சாயல் வந்து, பிறகு மஞ்சளடித்து, காய்கறி வண்டிக்காரர் "என்னங்க்கா, மஞ்சக்காமாலையா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். அவள் சிரித்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதாள். கணவர் கண்ணுக்கென்று வாங்கிய நிறம் தெருவே பார்க்கிறது, அவர் ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு மதியம். அவர் சோற்றுக்கு நடுவில் குழி பறித்து வைத்திருந்தார். குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவளின் முடிக்கற்றை ஒன்று நழுவி அவர் கண்ணுக்கு நேராக விழுந்தது. அதில் லேசாகச் சிவப்பும் ஊதாவும் ஏறியிருந்தன. அவர் கை நின்றது. முகம் மெல்ல மேலே வந்தது.

தோடு துடித்தது.

சங்கவிக்கு ஒரு கணம் என்னவென்றே புரியவில்லை. ஈயோ எறும்போ என்று காதைத் தட்டிவிடப் போனாள். அதற்குள் மறுபடி துடித்தது. பூபதிராஜன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் தட்டை நிறைத்து, ஓரம் வழிந்து, அவர் வேட்டியில் சொட்டியது.

"போதும், போதும்" என்றார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சொல்லை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதிலிருந்து நிறவித்துக்கு வழி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்தச் சாயலைத் துளி துளியாகக் கூட்டியது. அவரும் ஒவ்வொரு நாளும் கூடுதலாகப் பார்த்தார். காலையில் அவள் தலை வாரும்போது செய்தித்தாளைத் தாழ்த்தினார். சாயந்தரம் அவளோடு கடைவீதிக்கு வந்தார். "அந்தப் பக்கமாத் திரும்பு, வெளிச்சம் படட்டும்" என்றார். தோடு நாளுக்கு முப்பது தடவை துடித்தது, பிறகு நாற்பது. ஐம்பது வயதில் அழகியாகிவிட்டோம் என்று சங்கவி நம்பினாள். பேருந்தில் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். இதுவரைக்கும் தனக்கு எடுப்பான நிறம் தெரியாமலே காலத்தைக் கழித்துவிட்டோமே என்று அவளுக்கு வருத்தம்கூட வந்தது.

நன்றாகத்தான் இருந்தாள். மூன்று மாதம் இருந்தாள்.

ஒரு மாலை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னாலேயே வந்து நின்றார். கை நீட்டி அவள் ஜடையை எடுத்து, துணியைப் பார்ப்பதுபோல விரலில் விரித்துப் பார்த்தார். அவர் அவளைத் தொட்டு எத்தனை காலமாகிவிட்டது. சங்கவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"இப்பத்தான் சரியா வந்திருக்குது" என்றார் ஜடையைப் பார்த்து. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. நான்தான் சும்மா சொல்லிப்போட்டேன்."

கண்ணு என்று அவர் மனைவியை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

தோடு துடித்துக்கொண்டே இருந்தது. சங்கவி கொடியிலிருந்த சட்டையை இறுக்கப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாளும் அவர் நிமிர்ந்தது யாரைப் பார்க்க என்று தெரிந்துவிட்டது. சொந்த மகள்மேல், அதுவும் செத்துப்போன மகள்மேல் பொறாமை வந்தது. வந்ததை நினைத்து வெட்கம் வந்தது. தோட்டைக் கழற்றி எறிந்துவிடலாம். எறிந்தால் அவர் மறுபடி தட்டைப் பார்த்துப் பேசுவார். அவள் துணிகளை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அன்றுமுதல் அவள் முகம் வாடிக்கிடந்தது. நிறம் பார்த்தே பிழைத்த கண்ணுக்கு அது தப்பவில்லை. பூபதிராஜன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. நேராக எடுப்பகத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரெஜினா யார் கண்ணுக்கு என்று கேட்டபோது, "சம்சாரத்துக்கு" என்றாராம். ரெஜினா அடுத்த தெரு முழுக்க அதைச் சொல்லி மாய்ந்துபோனாள். இப்படி ஒரு ஜோடியை அவள் பார்த்ததே இல்லையாம்.

அவருக்குத் தலையில் இருந்ததே கொஞ்சம். காதுக்கு மேல் இரண்டு பக்கமும் நரை, நடுவில் வழுக்கையை மறைக்க நாலு இழை. முகவுணரியை மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திக்கொண்டார். முதலில் சங்கவிக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த வயதில் இந்த மனிதருக்கு எதற்கு இது? நரை பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகிக் கோமாளித்தனமாக இருந்தது. பிறகு ஒரு காலை வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர்மேல் இளவெயில் சரிந்து விழுந்தது. காதோர முடி செம்புபோல மின்னியது.

சங்கவியின் கண்ணில் அந்தப் பழைய காலை வந்து நின்றது. பேருந்து நிறுத்தம். தோள்பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கிற மிது. அதே மின்னல்.

"கண்ணாடி துடிக்குது" என்றார் பூபதிராஜன், சின்னப் பிள்ளைபோல.

அவளும் நாள் முழுக்க அவரைப் பார்க்கத் தொடங்கினாள். வேறு வழி அவளுக்கும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பி ஆறியது. யாரும் மிருதுளாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இப்படியே ஐந்து மாதம் போனது. மாதத்துக்கு மாதம் அவள் தலையில் ஊதா அடர்ந்தது, அவர் தலையில் செம்பு பழுத்தது. இருவருமே கவனிக்கவில்லை. தினமும் பார்ப்பதில் அது தெரியாது.

கண்ணாடி முன் இருவரும் ஒன்றாக நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான் அது வெடித்தது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பூபதிராஜன் கண்ணாடியில் இரண்டு தலையையும் மாறிமாறிப் பார்த்தார். தொழில் பார்வை வந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணில்ல அம்மணி."

"எதுங்க?"

"உன்னுது ஊதா. என்னுது செம்பு. ஒண்ணுக்கொண்ணு கிட்டக்கூட வராது." அவள் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைச்சுட்டு என்னப் பார்க்கற?"

"நீங்க நினைக்கறதத்தான்" என்றாள் சங்கவி.

"அவ முடி இப்படிச் செம்பாவா இருந்துச்சு? நல்லா நினைச்சுப் பாரு. ஊதா அடிச்சுதா இல்லியா?"

"நீங்க குழல்விளக்குல பார்த்தீங்க. அதுவும் ஒரு நிமிசம். பார்த்ததும் சேராதுன்னுட்டீங்க." அவள் குரல் உயர்ந்தது. "நான் வெயில்ல பார்த்தேன். தல துவட்டிவிட்டேன், சிக்கெடுத்தேன், பேருந்து நிறுத்தத்துக்குக் கூடப் போனேன். செம்புதானுங்க. என்ற பிள்ள முடி எனக்குத் தெரியாதா?"

"நிறத்தப் பத்தி எங்கிட்டச் சொல்றியா நீ?"

ஐந்து வருடம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அன்று ஒரு நிறத்தின் பெயரால் வெளியே வந்தது. அவர் கத்தினார், அவள் அழுதாள், பாக்கெட்டை வாங்கிக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் கடைசியில் வந்தேவிட்டது. கேட்டதும் பூபதிராஜனே அதிர்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மூலம் இருக்குது" என்றார்.

சங்கவி கண்ணைத் துடைத்தாள். "எந்த மூலமுங்க?"

"அவ வெட்டிக் குடுத்த கொத்து. லேப்ல என்ற இழுப்பறைல. அன்னிக்கு அளவெடுத்து வெச்சதோட சரி, அதுக்கப்புறம் தொறக்கவே இல்ல. வெளிச்சம் பட்டா வெளுத்துருமுன்னு."

கல்யாணத்துக்கு உடுத்திய பட்டோடும் வேட்டியோடும் சாயப்பட்டறைக்குப் போனார்கள். தானோட்டி வண்டியின் எதிரெதிர் இருக்கைகளில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மிதுவின் சாம்பலைக்கூடக் காவிரியில் கரைத்துவிட்டார்கள். உடம்பில் இருந்தது என்று ஏதோ ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. சங்கவி அதைப் பார்க்கப் போகிறாள். யார் நினைத்தது சரியென்பதெல்லாம் அப்போது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

ஞாயிறு என்பதால் பட்டறை ஓடவில்லை. லேபில் ஈரமும் உப்பும் கலந்த வாடை. பூபதிராஜன் இழுப்பறையின் அடியிலிருந்து கறுப்பு உறையை எடுத்தார். மேலே வெள்ளைப் பேனாவால் மிருதுளா எழுதியிருந்தாள். 'அப்பா, நல்லதா ஒண்ணு கலந்து குடுங்க. ஆனா எனக்குப் புடிச்சாத்தான் போடுவேன். மிது.' அதற்குக் கீழே பூபதிராஜனின் கையெழுத்தில் தேதியும், அன்றே நிறமானியில் வைத்துப் பார்த்த அளவுகளும் இருந்தன.

ஒளிப்பெட்டியின் விளக்கைப் போட்டார். சாம்பல் நிறம் பூசிய, முன்பக்கம் திறந்த பெட்டி அது. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். உறையைப் பிரித்து, இடுக்கியால் கொத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

விரல் நீளத்துக்கு ஒரு கொத்து முடி. மங்கிய கறுப்பு. அதன்மேல் சரியாகப் பிடிக்காத ஒரு சிவப்பு, ஓரிடத்தில் துரு ஏறியதுபோல, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல். ஊதா இல்லை. செம்பும் இல்லை.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"வெளுத்துப் போச்சுங்களா?" என்றாள் சங்கவி.

அவர் நிறமானியை எடுத்துக் கொத்தின்மேல் வைத்தார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. உறைமேல் இருந்த எண்களோடு ஒத்துப்பார்த்தார். புள்ளிக்கு அந்தப் பக்கம்கூட மாறவில்லை. "துளிகூட வெளுக்கல."

"அப்ப இதுதான்."

"இதுதான்."

சங்கவி கொத்தைக் கையில் எடுத்தாள். தொட்டதும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. யாருடைய முடியோ கையில் இருப்பதுபோல இருந்தது. பதற்றத்தோடு அதைத் தன் நெற்றியோரம் வைத்துப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"பாருங்க."

பூபதிராஜன் பார்த்தார். ஆழமாகப் பார்த்தார். தன் மகளைக் காண்பதற்கு ஒரு தகப்பன் எவ்வளவு முயற்சி செய்யமுடியுமோ அவ்வளவும் செய்தார். உதட்டை விரித்துச் சிரிக்கக்கூடப் பார்த்தார். ஆனால் வரவழைத்த சிரிப்பை முகவுணரி கணக்கில் எடுக்காது. அதற்காகத்தானே ஜனங்கள் அதை வாங்கினார்கள். தோடு அவள் காதில் அசையாமல் கிடந்தது. பகல் விளக்கை அணைத்துக் கடை விளக்கைப் போட்டார். பிறகு மஞ்சள். தோடு அசையவில்லை.

அவள் கை தளர்ந்தது. கொத்து நெற்றியிலிருந்து விலகி, அடியில் இருந்த அவளுடைய ஊதா முடி வெளிச்சத்துக்கு வந்தது.

தோடு துடித்தது.

அவள் காதைத் தொட்டதும் அவருக்கும் புரிந்தது. அவர் கொத்தை வாங்கித் தன் காதோரம் வைத்தார். அவள் பார்த்தாள். பெற்ற வயிறு, அது பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டு பார்த்தாள்.

"கண்ணாடி துடிச்சுதுங்களா?"

அவர் கொத்தைக் காதோரத்திலிருந்து எடுத்தார். "இல்ல அம்மணி" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து லாட்டப் பார்த்து இன்னிக்கு லாட்ட ஓட்டியிருக்கோம். முகத்தப் பார்த்து முடி மாறுச்சு. முடியப் பார்த்து முகம் மாறுச்சு. ரவையூண்டு, ரவையூண்டு..." கையை விரித்தார். "முப்பது வருசமா ஊருக்கெல்லாம் சொன்னேன். மூலத்த ஒருக்காக்கூட எடுத்துப் பார்க்கல."

"இப்பப் பார்த்துட்டமுல்ல. இதுக்குத் தகுந்தாப்பல மாத்திக்கலாமுல்லங்க?"

"எத வெச்சு மாத்தறது? நம்ம முகத்த வெச்சுத்தான மாறும்." கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதப் பார்த்தா நமக்கு ஒண்ணும் ஆகறதில்லியே."

எடுப்பகத்தில் எப்படியும் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள் என்று சங்கவி சொல்ல வாயெடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ரெஜினா என்ன கேட்பாள் என்பது ஞாபகம் வந்தது. மிது கண்ணுக்கு என்று சொன்னால் எந்த முகத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்துவது? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பூபதிராஜன் கொத்தை உறைக்குள் போட்டு ஒட்டினார். பார்த்து முடித்த துணுக்கின் உறைமேல் முடிவை எழுதாமல் இழுப்பறையில் வைக்கக்கூடாது என்பது லேப் வழக்கம். அவர் கை தானாகப் பேனாவை எடுத்தது. மகள் எழுதிய வரிகளுக்குக் கீழே, முப்பது வருடப் பழக்கத்தில், ஒரே வார்த்தையை எழுதியது.

சேராது.

எழுதிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தார். அன்று குழல்விளக்கின் கீழ் சொன்ன அதே சொல். அடித்துவிடலாம் என்று பேனாவைத் திரும்ப உறைமேல் வைத்தார். சங்கவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அடிக்கவில்லை. அவளும் அடிக்கச் சொல்லவில்லை. உறை இழுப்பறையின் அடிக்கே போனது.

திரும்பும்போது தானோட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியே மதிய வெயில் வந்து இரண்டு தலைமேலும் விழுந்தது. சிக்னலில் பக்கத்து வண்டியிலிருந்த ஓர் அம்மாள் கண்ணாடியை இறக்கி, "உங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு எடுப்பா இருக்குதுங்க!" என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனாள்.

பூபதிராஜன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். தெரிந்தும் பார்த்தார். அவர் கண்கள் ஊதா முடியில் போய் நின்றன. முகம் மெல்ல மலர்ந்தது. தோடு துடித்தது.

சங்கவி காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் திருகாணியைப் பிடித்தாள். ஒரு சுற்றுத் தளர்த்தினாள். இன்னும் இரண்டு சுற்றில் தோடு கையோடு வந்துவிடும். ஒரு வாரத்தில் நரை திரும்பிவிடும். அதற்கப்புறம் அந்த முகம் எதைப் பார்க்கும் என்று யோசித்தாள். எதிரே காதோரச் செம்பு முடியில் வெயில் மின்னியது. அவளையும் மீறி அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு சிரித்தார்.

அவள் திருகாணியை மறுபடி இறுக்கினாள்.